பழைய பேப்பர்காரருக்கு அடையாள அட்டையும், பிரித்து வைக்க ஓர் இடமும் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்னை மேற்கு மாம்பலத்தில் 24 வீடுகள் கொண்ட ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் 19 ஆண்டுகளாக வசித்து வருகிறேன். தங்கள் நாளிதழை அதற்கும் முன்பிருந்தே வாங்கிப் படிக்கிறேன். படித்து முடித்த இதழ்கள் மாதக் கடைசியில் யார் கைக்குப் போகின்றன என்பதைப் பற்றித் தங்கள் பக்கத்திலேயே எழுத வேண்டிய தேவை வந்திருப்பதால் இக்கடிதத்தை அனுப்புகிறேன். சற்று நீண்டுவிட்டது, பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

எங்கள் குடியிருப்பின் வாசற்கதவில் இரண்டு ஆண்டுகளாக ஒரு பலகை தொங்கியது. ‘பழைய பொருள் வாங்குவோருக்கு உள்ளே அனுமதி இல்லை’ என்பது அதிலிருந்த வாசகம். அதற்கான தீர்மானம் நிறைவேறியபோது சங்கச் செயலாளராக இருந்து கையொப்பமிட்டவன் நான். அது தவறு என்று இன்று கருதுகிறேன். ஒரே ஒரு குடியிருப்பின் உள்விவகாரமாக இருந்தால் இதைத் தங்களுக்கு எழுதியிருக்க மாட்டேன். ஆனால் எங்கள் பகுதியில் தெருவுக்குத் தெரு இத்தகைய பலகைகள் பெருகிவிட்டன. சென்ற மாதம் பக்கத்துத் தெருவின் நலச்சங்கம் ஒன்று, பழைய சாமான் வண்டிகளைத் தெருவுக்குள்ளேயே விடக்கூடாது என்று மாமன்ற உறுப்பினரிடம் கொடுப்பதற்காக ஒரு மனுவில் கையெழுத்துத் திரட்டியது. அந்த மனு என் கைக்கும் வந்தது. நான் கையெழுத்திடவில்லை. ஏன் என்று சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

‘பழைய பேப்பர்காரர்’ என்று நாம் ஒரே பெயரில் அழைத்தாலும் இவர்கள் ஒரே வகையினர் அல்லர். மூன்று சக்கர மிதிவண்டியில் வந்து நாளிதழ், நோட்டுப் புத்தகம், அட்டைப்பெட்டி, இரும்பு, பிளாஸ்டிக் என எல்லாவற்றையும் எடைக்கு வாங்குபவர் ஒருவர். தலையில் கூடையுடன் வந்து பழைய துணிக்கு எவர்சில்வர் பாத்திரம் கொடுக்கும் பெண்கள் வேறு. சீப்பில் சேர்த்துவைத்த முடியை வாங்க வருபவர் வேறு. ஜரிகையில் இருக்கும் வெள்ளிக்காகப் பழைய பட்டுச்சேலை கேட்டு வருபவர் வேறு. இப்போது ‘குட்டி யானை’ எனப்படும் சிறு சரக்கு வண்டியில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு, பதிவுசெய்த குரலில் பழைய டிவி, ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், பேட்டரி என்று வரிசையாகக் கேட்டபடி போகிறவர்கள் இன்னும் வேறு. ஈயம், பித்தளைக்குப் பேரீச்சம்பழம் கொடுத்தவர்களை என் வயதுக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஓட்டையான பித்தளைச் செம்பைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடிய பிள்ளைகளில் நானும் ஒருவன். இவர்கள் அனைவருக்கும் பொதுவானது ஒன்று உண்டு. குப்பை அள்ளும் வேலைக்கு மாநகராட்சி கூலி கொடுக்கிறது; இவர்களோ நாம் வேண்டாம் என்று ஒதுக்கியதற்கு நம் கையில் பணம் கொடுத்துவிட்டு எடுத்துப் போகிறார்கள். அந்தப் பணத்தைப் பெரும்பாலும் காலையில், பழைய பொருள்களை மொத்தமாக வாங்கும் காயலான் கடையின் முதலாளியிடம் முன்பணமாக வாங்கி வருகிறார்கள். மாலையில் சரக்கைப் போட்டுக் கணக்கை நேர் செய்கிறார்கள்.

எங்களுக்கு வழக்கமாக வந்துகொண்டிருந்தவர் திருவண்ணாமலைப் பக்கத்துக்காரர். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். ஒரு முறை, ஓடாமல் நின்றுவிட்ட மேசை மின்விசிறி ஒன்றை அவரிடம் கொடுத்தேன். எடை போடுவதற்கு முன்பே விலை சொன்னார். எப்படிச் சொல்ல முடிகிறது என்று கேட்டபோது, “கடைக்கு வாங்க சார், பிரிச்சுக் காட்டுறேன்” என்றார். ஒரு மாலை நடைப்பயிற்சியின்போது போனேன். பத்தடி அகலக் கடை. வாசலில் எடை மேடை, உள்ளே கூரை வரை சாக்கு மூட்டைகள். தரையில் குந்தி உட்கார்ந்து, ஒரு சுத்தியலையும் ஒரு திருப்புளியையும் வைத்துக்கொண்டு, பத்து நிமிடத்துக்குள் அந்த விசிறியை ஆறு குவியலாக ஆக்கினார். அடிப்பாகம் வார்ப்பிரும்பு, முன் வலைக்கூண்டு சாதாரண இரும்பு, இறக்கை அலுமினியம், விசைப்பொத்தான் பெட்டி பிளாஸ்டிக், மின்கம்பி தனி. கடைசியாக மோட்டாரைப் பிளந்து, உள்ளே சுற்றியிருந்த கம்பியைக் கத்தி முனையால் ஒரு கீறல் கீறி என்னிடம் காட்டினார். கீறிய இடம் சிவந்திருந்தால் செம்பு, வெளுத்திருந்தால் அலுமினியம். இப்போது வரும் மலிவு விசிறிகள் பலவற்றில் வெளியே செம்பு நிறம் இருந்தாலும் உள்ளே அலுமினியம்தான் என்றார். அவர் சட்டைப்பையில் ஒரு சிறு காந்தம் எப்போதும் இருக்கும். எவர்சில்வர் பாத்திரத்தில் அதை ஒட்டிப் பார்ப்பார். ஒட்டாவிட்டால் ஒரு விலை, ஒட்டினால் அதைவிடக் குறைந்த விலை. நாளிதழிலும் அப்படித்தான். மடிப்புக் கலையாத தாள் பொட்டலம் கட்டுவதற்குக் கடைகளுக்குப் போகிறது. நனைந்ததும் கிழிந்ததும் ஆலைக்குப் போகின்றன. எந்தப் பள்ளியிலும் கற்றுத் தராத அறிவு இது. இந்த அறிவு இருப்பதால்தான் ஒரு கிலோ தாளில் இரண்டு மூன்று ரூபாய் மட்டுமே நிற்கும் இத்தொழிலில் ஒருவரால் குடும்பம் நடத்த முடிகிறது.

(காயல்பட்டினத்திலிருந்து வந்த வணிகர்கள் முன்பு பழம்பொருள் வணிகம் செய்ததால் ‘காயலான் கடை’ என்ற பெயர் வந்ததாகச் சொல்வார்கள். அது உண்மையோ இல்லையோ, சென்னையில் உடைசல் வண்டியைப் பார்த்தவுடன் ‘காயலாங்கடைக்குப் போட வேண்டியது’ என்று சொல்லாதவர் இல்லை. அந்தக் கடையை உள்ளே போய்ப் பார்த்தவர்கள்தாம் குறைவு.)

அங்கிருந்து சரக்கு போகும் வழி நீண்டது. அட்டையும் தாளும் கட்டுக்கட்டாக அழுத்தப்பட்டு, கோவை, உடுமலைப்பேட்டைப் பக்கம் உள்ள அட்டைத்தாள் ஆலைகளுக்குச் சென்று, மறுபடியும் அட்டைப்பெட்டியாகி நம் வாசலுக்கே வருகின்றன. பழைய வாகனங்கள் புதுப்பேட்டையில் உதிரி உதிரியாகப் பிரிந்து, இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் வண்டிகளுக்கு உயிர் கொடுக்கின்றன. கால் உடைந்த நாற்காலியும் ஓடாத தையல் எந்திரமும் பழுதுபார்க்கப்பட்டுப் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் யாரோ ஒருவர் வீட்டுக்குப் போகின்றன. 1985இல் எரிந்துபோன மூர் மார்க்கெட்டில் நான் வாங்கிய பாடப்புத்தகங்கள் அத்தனையும் இப்படி யாரோ ஒருவர் வீட்டிலிருந்து எடைக்கு வாங்கிய புத்தகங்களாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

இவ்வழியில் போகாத பொருள் எங்கே போகும் என்பது சென்னைவாசிகளுக்குத் தெரியும். வடக்கே கொடுங்கையூர், தெற்கே பெருங்குடி. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டியுள்ள பெருங்குடிக் குப்பைக்கிடங்கு 2022 ஏப்ரலில் தீப்பிடித்துப் பல நாட்கள் எரிந்ததையும், சுற்றுவட்டார மக்கள் சன்னலைத் திறக்க முடியாமல் தவித்ததையும் நாம் மறந்துவிடலாகாது. அக்கிடங்குகளில் பல பத்தாண்டுகளாகக் குவிந்ததைத் தோண்டிச் சலித்துப் பிரிக்கும் பணிக்கு இன்று பெரும் பொருள் செலவாகிறது. வாசலிலேயே பிரித்து எடுத்துச் செல்பவருக்கோ பொதுப்பணத்திலிருந்து ஒரு காசும் செலவில்லை.

எங்கள் சங்கம் தடை விதித்ததற்குக் காரணங்கள் இருந்தன. அவற்றை மறைப்பது முறையாகாது. முதலாவது, கீழ்த்தளத்தில் துலக்கிக் கவிழ்த்திருந்த ஒரு பித்தளை அண்டா காணாமற்போனது. எடுத்தது யார் என்று இன்றுவரை தெரியாது. அன்று காலையில் பழைய சாமான் வண்டி ஒன்று தெருவில் நின்றதைப் பார்த்ததாக ஒருவர் சொன்னார், அது போதுமானதாகிவிட்டது. அதே காலையில் குடிநீர்க் கேன் வண்டியும், பார்சல் கொண்டுவரும் இளைஞர்கள் நால்வரும் வந்து போயிருந்தார்கள். அவர்களை யாரும் சந்தேகிக்கவில்லை. ஏனெனில் அவர்கள் சட்டையில் ஒரு நிறுவனத்தின் பெயர் இருந்தது. இரண்டாவது, எடை. கொக்கித் தராசில் ஐந்து கிலோ, வீட்டுத் தராசில் ஆறரைக் கிலோ இருந்ததாகப் பல வீட்டார் குறை சொன்னார்கள். அக்குறை பொய்யென்று சொல்ல மாட்டேன். எடையில் பிடிப்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் சந்தை விலையைவிடக் கிலோவுக்கு இரண்டு ரூபாய் கூடுதலாகக் கேட்டு அரை மணி நேரம் நிற்கவைக்கும் வீடுகளும் இருக்கின்றன. விலையில் விட்டுக்கொடுத்ததை எடையில் எடுப்பது இத்தொழிலின் பழைய பழக்கமாகவே ஆகிவிட்டது. விலைப்பட்டியல் ஒன்று வாசலில் ஒட்டப்பட்டு, சட்டமுறை எடையளவுத் துறையின் முத்திரை பெற்ற மின்னணுத் தராசு ஒன்று கையில் இருந்தால் இவ்விரண்டுமே நின்றுபோகும். மூன்றாவது ஒலிபெருக்கி. பிற்பகல் இரண்டு மணிக்கு நோயாளிகளும் கைக்குழந்தைகளும் உறங்கும் நேரத்தில் அந்தப் பதிவுக்குரல் படுத்தும் பாட்டை நானும் அனுபவித்திருக்கிறேன். அதற்கு நேரக்கட்டுப்பாடு கட்டாயம் வேண்டும்.

தடைக்குப் பின் நடந்தவற்றைச் சொல்கிறேன். கைப்பேசிச் செயலி வழியாகப் பழைய பொருள் எடுக்கும் நிறுவனம் ஒன்றுடன் சங்கம் பேசி முடித்தது. அவர்கள் சீருடை அணிந்து, மின்னணுத் தராசுடன் வந்தார்கள். பணமும் முறையாகவே கொடுத்தார்கள். ஆனால் இருபது கிலோவுக்குக் குறைந்தால் வரமாட்டார்கள். உடைந்த வாளி, பால் கவர், கிழிந்த செருப்பு, ஒற்றை எண்ணெய்ப் புட்டி ஆகியவை அவர்கள் பட்டியலில் இல்லை. இருபது கிலோ சேரும் வரை மூன்று நான்கு மாதத் தாளை வைத்துக்கொள்ள ஓர் அறை, ஒரு சமையற்கட்டு கொண்ட வீட்டில் எங்கே இடம் இருக்கிறது? மெல்ல மெல்லத் தாளும் அட்டையும் மாடிப்படியின் கீழே குவிந்தன. மழைக்காலத்தில் நனைந்து, கடைசியில் சோற்றுக் கழிவோடு சேர்ந்து குப்பைத்தொட்டிக்குப் போயின. மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று பிரித்துப் போடும்படி வீடு வீடாகச் சுற்றறிக்கை அனுப்பிய அதே செயலாளர் நான்.

இன்னொன்றை நாங்கள் அடியோடு மறந்திருந்தோம். எங்கள் குடியிருப்பில் பல வீடுகளில், பழைய பேப்பர் விற்ற காசு வீட்டுவேலை செய்யும் பெண்களுக்கே என்பது எழுதாத வழக்கம். எங்கள் வீட்டில் பத்து ஆண்டுகளாக வேலை செய்யும் அம்மா, மகனின் பள்ளி நோட்டுகளுக்கு அந்தக் காசைத்தான் ஒதுக்கி வைத்திருந்திருக்கிறார். செயலி வந்த பிறகு பணம் வீட்டுக்காரரின் வங்கிக் கணக்குக்குப் போனது. “இந்த மாசம் பேப்பர்காரர் வரலியாம்மா?” என்று அவர் என் மனைவியிடம் மூன்று மாதம் தொடர்ந்து கேட்ட பிறகுதான் எங்களுக்கு உறைத்தது.

சட்டம் இவர்கள் பக்கம் இல்லாமல் இல்லை. 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் குப்பை பொறுக்குவோரை மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்ளவில்லை. மறுசுழற்சிப் பொருள்களைப் பிரிப்பது, வாங்குவது, விற்பது ஆகியவற்றில் ஈடுபடும் தனிநபர்கள், சங்கங்கள், வணிகர்கள் அனைவரையும் முறைசாராக் கழிவு சேகரிப்போர் என்று வரையறுத்தன. இவர்களுடைய அமைப்புகளை அங்கீகரித்துக் கழிவு மேலாண்மையில் இணைத்துக்கொள்ளும் பொறுப்பை உள்ளாட்சிகளிடம் ஒப்படைத்தன. 2014ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டம், இடம் விட்டு இடம் நகர்ந்து விற்பவரையும் சேவை அளிப்பவரையும் தெருவியாபாரி என்றே ஏற்றுக்கொள்கிறது. தெருவில் பொருள் விற்பவருக்கு அச்சட்டத்தின் பெயரால் ஓர் அட்டை கிடைக்கிறது. தெருவில் பொருள் வாங்குபவர் அதில் சேர்வாரா என்பதை அதிகாரிகள் தெளிவுபடுத்த வேண்டும். வீட்டு வாசலில் வந்து பழையதைக் கழித்துக் கொடுப்பதும் ஒரு சேவையே என்பது என் வாதம்.

பிற ஊர்கள் இதைச் செய்து காட்டியிருக்கின்றன. புனேயில் 1993இல் தொழிற்சங்கமாக ஒன்றுசேர்ந்த குப்பை பொறுக்குவோர், மாநகராட்சி ஒப்புதலுடன் அடையாள அட்டை பெற்றார்கள். பின்னர் ‘ஸ்வச்’ என்னும் கூட்டுறவு அமைப்பின் வழியாக வீடு வீடாகச் சென்று சேகரிக்கும் பணியையே மாநகராட்சியுடன் ஒப்பந்தம் செய்து ஏற்றார்கள். பெங்களூரில் 2011 முதல் மாநகராட்சி இவர்களுக்கு அடையாள அட்டை வழங்கியது. உலர்கழிவு மையங்கள் சிலவற்றை இவர்களே நடத்துகிறார்கள். சென்னையிலும் பழைய பொருள் வாங்குவோரையும் விற்போரையும் இணைக்க ‘மெட்ராஸ் வேஸ்ட் எக்ஸ்சேஞ்ச்’ என்ற இணையச் சந்தை 2020இல் தொடங்கப்பட்டது. அந்த எண்ணம் நல்லது. ஆனால் நான் பேசிப் பார்த்த வண்டிக்காரர்கள் ஏழு பேரில் எவரும் அதைக் கேள்விப்பட்டிருக்கவில்லை. எவரிடமும் எந்த அலுவலகமும் கொடுத்த அட்டை இல்லை. காவலர் நிறுத்தினால் காட்டுவதற்கு ஆதார் அட்டை மட்டுமே இருக்கிறது. அது அவர் யார் என்று சொல்லும், அவர் வண்டியில் இருக்கும் செம்புக்குழாய் எங்கிருந்து வந்தது என்று சொல்லாது.

இத்தொழிலில் உள்ள அபாயத்தையும் சொல்லியாக வேண்டும். 2010 ஏப்ரலில் தில்லி மாயாபுரிச் சந்தையில் பழைய இரும்போடு இரும்பாக வந்துசேர்ந்த ஒரு கருவிக்குள் கோபால்ட்-60 என்னும் கதிரியக்கப் பொருள் இருந்தது. தில்லிப் பல்கலைக்கழகத்தின் வேதியியல் துறை பல ஆண்டுகளாகப் பயன்படுத்தாமல் வைத்திருந்து ஏலத்தில் விற்ற ஆய்வுக்கருவி அது. உடைத்துப் பார்த்த தொழிலாளர்களில் ஒருவர் உயிரிழந்தார். பலர் மருத்துவமனையில் கிடந்தார்கள். படித்தவர்கள் நிறைந்த இடத்திலிருந்து புறப்பட்ட பொருள், அதில் என்ன இருக்கிறது என்று அறிய வழியே இல்லாத கைகளுக்குப் போனது. நம் வீடுகளிலிருந்தும் சிறிய அளவில் இதுவே நடக்கிறது. எங்கள் பேப்பர்காரரின் இடக்கை ஆள்காட்டி விரலில் ஒரு முறை ஆழமான வெட்டு இருந்தது. பேப்பர் கட்டுக்கு நடுவே யாரோ ஒரு வீட்டார் செருகியிருந்த உடைந்த குழல்விளக்கு கிழித்த வெட்டு அது. இன்சுலின் ஊசியும் சவர பிளேடும் கூட அப்படி வருவதுண்டு என்று அவர் வருத்தமில்லாமல் சொன்னார். மின்கம்பியின் மேலுறையை எரித்துச் செம்பு எடுப்பதும் சில இடங்களில் நடக்கிறது. அந்தப் புகையை முதலில் சுவாசிப்பவர் எரிப்பவரே. கணினி, கைப்பேசி போன்றவற்றைப் பதிவுபெற்ற மறுசுழற்சியாளரே மறுசுழற்சி செய்ய வேண்டும் என்று 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள மின்னணுக் கழிவு விதிகள் சொல்கின்றன. ஆனால் பதிவுபெற்ற மறுசுழற்சியாளர் எவரும் எங்கள் தெருவுக்கு வந்ததில்லை; வந்தவர் இவர் மட்டுமே. இவரை விலக்கிவிட்டால் விதி காகிதத்தில் நிற்கும், பழைய கைப்பேசி குப்பைத்தொட்டிக்குள் போகும். இவரையே அந்த மறுசுழற்சியாளருக்குச் சரக்கு சேர்ப்பவராக ஆக்கினால் இருவருக்கும் நன்மை.

ஆகவே மாநகராட்சி ஆணையரையும், எங்கள் மாமன்ற உறுப்பினரையும் தங்கள் நாளிதழ் வாயிலாக வேண்டிக்கொள்வது இதுதான். 200 வட்டங்களில் ஒவ்வொன்றிலும் சுற்றிவரும் பழைய பொருள் வாங்குவோரைக் கணக்கெடுத்து, படமும் வட்ட எண்ணும் கொண்ட அடையாள அட்டை வழங்க வேண்டும். அட்டை பெறுவதற்குக் கட்டணமோ, சொந்த வீட்டு முகவரிச் சான்றோ கேட்கக்கூடாது. இவர்களில் பலர் காயலான் கடையின் மாடியிலும் பாலத்தின் அடியிலும் உறங்குபவர்கள். வட்டத்துக்கு ஒன்றாக, கூரையும் தண்ணீரும் கழிப்பறையும் உள்ள ஒரு பிரிப்பிடம் வேண்டும். தெருவோரத்தில் பிரிப்பதால் எழும் புகார்களில் பாதி அதனால் குறையும். அங்கே மின்கம்பி உரிக்கும் எந்திரம் ஒன்றை வைத்தால் எரிப்பதற்கு அவசியமே இராது. ஒலிபெருக்கிக்குக் காலை பத்து முதல் பகல் ஒரு மணி வரை என்று நேரம் வகுத்தால் ஏற்றுக்கொள்வதாக நான் பேசிய அனைவரும் சொன்னார்கள். நேரம் தெரிந்தால் வீட்டில் ஆள் இருப்பார்கள், தங்களுக்கும் அலைச்சல் குறையும் என்பது அவர்கள் கணக்கு.

குடியிருப்புச் சங்கங்களில் பொறுப்பில் இருக்கும் நண்பர்களுக்கு ஒன்று சொல்ல விரும்புகிறேன். அடுத்த கூட்டத்தில் இந்தப் பலகையைப் பற்றிப் பேசுவதற்கு முன், உங்கள் பகுதிக் காயலான் கடைக்கு ஒரு முறை போய் வாருங்கள். நம் வீட்டிலிருந்து போகும் பேப்பர் கட்டுக்குள் கண்ணாடியோ ஊசியோ இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். விலையை முதலிலேயே பேசி முடித்துவிட்டு, எடையை அவர் கண் முன்னே உங்கள் தராசிலும் ஒரு முறை போட்டுப் பாருங்கள்.

எங்கள் சங்கத்தின் சென்ற மாதப் பொதுக்குழுவில், தடையை நீக்கும் தீர்மானத்தை நான் முன்மொழிந்தேன். 13 வீட்டார் ஆதரவும் 8 வீட்டார் எதிர்ப்பும் தெரிவிக்க, ஞாயிற்றுக்கிழமைகளில் காலை பத்து முதல் பகல் ஒரு மணி வரை வாசலில் வைத்து விற்கலாம் என்று முடிவானது. பலகையைக் கழற்றிவிட்டோம். பேப்பர்காரருக்குச் சொல்வதற்காகக் காயலான் கடைக்குப் போனேன். அவர் இந்தப் பக்கம் வருவதை நிறுத்தி ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது; வாசல்கள் ஒவ்வொன்றாக அடைபட்டதால் தாம்பரம் தாண்டிப் போய்விட்டார் என்றார் கடைக்காரர். 17 ஆண்டுகள் எங்கள் வாசலுக்கு வந்தவரின் பெயரைக் கடைக்காரர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். பேப்பர்காரரின் மருமகன் வண்டி எடுத்து வருவதாகச் சொல்லியிருக்கிறாராம். வரும் ஞாயிறன்று அவரை எதிர்பார்த்து, எட்டு மாத நாளிதழ்களைக் கட்டி வைத்திருக்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
நெடுநாள் வாசகர் ஒருவர்,
மேற்கு மாம்பலம், சென்னை.